உருக்கும் முன் ஒருமுறை முகத்தைப் பாருங்கள்

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை வட்டாரத்து நகைக்கடைக்காரர்களுக்கும், அடகுக்கடை நடத்துகிறவர்களுக்கும், பட்டறையில் உட்கார்ந்து பொன்வேலை செய்யும் பத்தர், ஆசாரிமார்களுக்கும்,



காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று தங்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. விலை ஏறும்போதெல்லாம் பீரோவில் கிடக்கும் பழைய நகையும் வெளியே வரும். அப்பத்தா போட்டிருந்த காசுமாலையைப் பேத்திக்குப் போட மனசில்லை. கனமாயிருக்கிறது, பழைய மாடலாயிருக்கிறது. போட்டுவிட்டுப் புதுசு எடுக்கலாம் என்று உங்கள் கடைக்கு வருகிறார்கள். உரைகல்லில் ஒரு இழுப்பு, தராசில் ஒரு எடை, அழுக்கு அரக்கு கழித்து ஒரு தொகை. மறுநாள் அது மூசையில் உருகிக் கட்டியாகிவிடும். தொழில் அப்படி. குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். பழைய நகையோடு, அடையாளம் தெரியாத முகம் பொறித்த பொற்காசு ஒன்று வந்தால், அதிலும் தலைக்கு மேல் துளையோ, பற்றவைத்த வளையமோ இருந்தால், அதை உலையில் போடுமுன் ஒரு நாள் தள்ளி வையுங்கள். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை. உங்கள் தொழிலின் கதையும் அதில் இருப்பதால் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் கொங்கு மண்ணுக்கும் ரோமாபுரிக் காசுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ல் ஒரே புதையலாக 522 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் போன்ற பேரரசர்களின் முகங்கள் அவற்றில் இருந்தன. 1931-ல் அதே ஊரில் இன்னொரு 121. நொய்யல் பக்கம் கத்தாங்கண்ணியில் 1913-ல் 233. பொள்ளாச்சியிலும் கரூரிலும் இப்படியே. மேற்குக் கரையில் முசிறியில் இறங்கிய சரக்கும் பணமும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்து, நொய்யல் கரையோடு கொடுமணல், கரூர் என்று கிழக்கே போயின. படியூர்ப் பச்சைக்கல்லும் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் பதிலுக்கு மேற்கே போயின. கல்லுக்கும் பொன்னுக்கும் கைவேலை செய்கிற வழக்கம் இந்தச் சீமையில் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதுவரை பாடப் புத்தகத்தில் உண்டு. இதற்கு அடுத்த பகுதிதான் பலருக்குத் தெரியாது. கி.பி. 330-ல் கான்ஸ்டன்டைன் என்ற பேரரசர் தன் தலைநகரைக் கிழக்கே, இன்றைய இஸ்தான்புல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். கான்ஸ்டான்டிநோபிள் என்று அதற்குப் பெயர். மேற்கே இருந்த ரோம் விழுந்த பிறகும் இந்தக் கீழை ரோமப் பேரரசு 1453 வரை நின்றது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் அதைப் பைசாண்டியப் பேரரசு என்கிறார்கள். கரூரில் அமராவதிப் படுகையில் கிடைத்த நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக்காசுகளில் இந்தக் காலத்து மன்னர்களின் முகங்கள் இருக்கின்றன. 'தினமலர்' ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை, திருக்கோவிலூர்க் காசுகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார்.

அந்தப் பேரரசின் பொற்காசுக்கு சாலிடஸ் என்று பெயர். உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு ரோம ராத்தல் தங்கத்துக்கு 72 காசு. ஒரு காசு ஏறத்தாழ நாலரை கிராம். நம் ஒரு பவுனில் பாதிக்குச் சற்றுக் கூட. ஒரு காசின் எடையை அவர்கள் 24 கரோப் விதைகளின் எடையாகப் பிரித்துக் கணக்கு வைத்தார்கள். நீங்கள் நாள்தோறும் சொல்லும் 24 காரட், 22 காரட் என்ற கணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. மாற்று பெரிதாகக் குறையாமல் இந்தக் காசு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் அச்சடிக்கப்பட்டது. இன்று எந்த நாட்டுப் பணத்துக்கும் அந்தப் பெருமை கிடையாது.

காஸ்மாஸ் என்ற எகிப்து நாட்டு வணிகர் ஆறாம் நூற்றாண்டில் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். இலங்கை மன்னர் சபையில் ரோம வணிகர் ஒருவரும் பாரசீகர் ஒருவரும் வந்து நிற்கிறார்கள். உங்கள் ராஜாக்களில் யார் பெரியவர் என்று மன்னர் கேட்கிறார். பாரசீகர் தன் மன்னனை வானளாவப் புகழ்கிறார். ரோம வணிகரோ, "ரெண்டு ராஜாவும் இங்கேயே இருக்கிறார்களே, பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிற பாவனையில் இரண்டு நாட்டுக் காசையும் காட்டச் சொல்கிறார். பாரசீகக் காசு வெள்ளி. ரோமக் காசு தகதகக்கும் பொன். திருப்பித் திருப்பிப் பார்த்த மன்னர் ரோமர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு. காசைப் பார்த்தால் ராஜாவைப் பார்த்தது மாதிரி என்று அந்தக் காலத்து வணிகர்கள் நினைத்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

அந்த முகத்தை நாமும் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். 491 முதல் 518 வரை ஆண்ட அனஸ்தேசியஸின் சாலிடஸ் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிய வட்டம். பேரரசர் பக்கவாட்டில் திரும்பியிருக்கவில்லை. முக்கால் முகம் காட்டி நம்மைப் பார்க்கிறார். தலையில் இறகு வைத்த கவசத் தொப்பி, மார்பில் கவசம். வலது தோளின் மேல் சாய்த்த ஈட்டியின் முனை காதுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது. இடது கைக் கேடயத்தில், நகக்கண் அளவு இடத்தில், குதிரை மேலிருந்து எதிரியைக் குத்தும் வீரன் ஒருவனை அச்சு வெட்டியவர் செதுக்கியிருக்கிறார். விளிம்பைச் சுற்றி லத்தீன் எழுத்தில் பேரும் பட்டமும். திருப்பினால், நீண்ட சிலுவையை ஊன்றி நிற்கும் சிறகு முளைத்த வெற்றித் தேவதை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். காலடியில் 'கோனோப்' என்று லத்தீனில் ஐந்தெழுத்து. கான்ஸ்டான்டிநோபிளின் சுத்தத் தங்கம் என்று அதற்குப் பொருள். அந்தக் காலத்து ஹால்மார்க் அது.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் இந்தப் படம் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஓர் அரசியல் உண்டு. ஜஸ்டினியன் காலத்தில் பேரரசர் முழு முகமாகத் திரும்பினார்; ஈட்டி போய்க் கையில் சிலுவை பொறித்த உருண்டை வந்தது. ஹெராக்ளியஸ் தன் மகன்களையும் பக்கத்தில் நிறுத்தினார். வாரிசு யார் என்பதை நாட்டுக்கு அறிவிக்கக் காசைவிட நல்ல வழி அவருக்குத் தெரியவில்லை. 690களில் இரண்டாம் ஜஸ்டினியன் யாரும் செய்யாததைச் செய்தார். முன்பக்கத்தில் இயேசுவின் முகத்தை வைத்துத் தன்னைப் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். தன்னைக் கிறிஸ்துவின் ஊழியன் என்றும் பொறித்தார்.

அடுத்த நூற்றாண்டில் சாமி படமே கூடாது என்றொரு சண்டை அந்த நாட்டில் கிளம்பியது. காசிலிருந்து இயேசுவின் முகம் காணாமல் போயிருந்தது. 843-ல் அந்தச் சண்டை ஓய்ந்ததும், பழைய ஜஸ்டினியன் காசையே மாதிரியாக வைத்து அந்த முகத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு காசு எங்கோ உருகாமல் மிஞ்சியிருந்ததால்தான் அது முடிந்தது. இடையில் 797 முதல் 802 வரை ஆண்ட ஐரீன் என்ற பேரரசி, இரண்டு பக்கமும் தன் முகத்தையே போட்டுக்கொண்டார். பக்கத்தில் உட்கார இன்னொருவர் வேண்டாம் என்ற தைரியம் அது.

பைசாண்டியக் காசுக்கு அண்டை நாட்டிலும் எதிரொலி இருந்தது. அரபு நாட்டின் கலீபா அப்துல் மாலிக் முதலில் இதே காசைப் பார்த்துத்தான் தன் தினாரை அச்சடித்தார். படிக்கட்டு மேல் நின்ற சிலுவையின் குறுக்குச் சட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு வெறும் கம்பமாக்கினார். பிறகு 690களின் பிற்பகுதியில் உருவமே வேண்டாம் என்று வெறும் எழுத்தாக மாற்றிவிட்டார்.

மாற்றுக் குறைந்த கதையும் உண்டு. உங்களுக்கு அது சொல்லாமலே புரியும். 1030களில் தொடங்கி ஒவ்வொரு பேரரசரும் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியைக் கலந்தார்கள். 1080களில் அது பேருக்குத்தான் பொற்காசு. 1092-ல் முதலாம் அலெக்சியஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இருபதரை காரட்டில் ஹைப்பர்பைரன் என்ற புதுக்காசு கொண்டுவந்தார். அது தட்டையாக இல்லாமல் சின்னக் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். 1261-ல் தலைநகரை மீட்ட எட்டாம் மைக்கேல், நகரத்தின் மதில்களுக்கு நடுவே கைவிரித்து மன்றாடும் மரியாளை அதில் பொறித்தார். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் பொற்காசே நின்றுபோனது. அரசின் கஜானா காலியானது முதலில் காசின் மாற்றில் தெரிந்தது. ஊர் விழுந்தது அதற்கு நூறு வருஷம் கழித்துத்தான்.

இனி, உங்கள் முன்னோர்கள் இந்தக் கதையில் எங்கே வருகிறார்கள் என்று பார்ப்போம்.

ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுச் சாலிடஸ்கள் தென்னிந்தியாவில் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. கர்நாடகத்தின் அக்கியாலூர்ப் புதையல் அவற்றில் பேர் பெற்றது. இந்தக் காசுகளை ஆராய்ந்த ரெபெக்கா டார்லி என்ற வரலாற்றாசிரியர் ஒன்றைக் கவனித்தார். இங்கே கிடைத்தவற்றில் பலவற்றில் பேரரசரின் தலைக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கின்றன. ஏதோ ஒரு ஓரத்தில் கண்டபடி போட்டதல்ல. மாலையில் கோத்தால் முகம் நேராக நிற்கும் இடம் பார்த்துப் போட்டது.

இது ஏன் இரண்டு துளை என்று ஒரு பேராசிரியரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒற்றைத் துளையில் கோத்த காசு நூலில் சுழன்று சுழன்று பின்பக்கம் காட்டும். இரண்டு துளை போட்டால் திரும்பாது. அந்தக் காசை வாங்கிய யாரோ ஒருவருக்கு ராஜா முகம் முன்னால் தெரிய வேண்டும் என்று இருந்திருக்கிறது. அதைக் கேட்டு, தலையில் படாமல், எழுத்தும் அதிகம் சிதையாமல், விளிம்புக்கு உள்ளே அளந்து துளை போட்ட பொற்கொல்லர் ஒருவர் இங்கே இருந்திருக்கிறார். அவர் பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவருடைய கணிப்பு மட்டும் அந்த இரண்டு துளையில் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு உங்கள் பட்டறையில் காசுமாலைக்குக் கண்ணி வைக்கும்போது நீங்கள் போடுகிற கணக்கும் அதுவேதான்.

அவர்கள் துளை போடுவதோடு நிற்கவுமில்லை. மூலக்காசு போதாதபோது அதைப் பார்த்துப் புதிதாகவே செய்தார்கள். அப்படி இந்தியாவில் செய்த போலிச் சாலிடஸ்களும் அசலோடு சேர்ந்தே புதையல்களில் கிடைக்கின்றன. முகமும் ஈட்டியும் ஓரளவு சரியாக வந்திருக்கும். லத்தீன் எழுத்து மட்டும் வாசிக்கத் தெரியாதவர் கையில் வெறும் கோடும் புள்ளியுமாக மாறியிருக்கும். சந்தையில் ஏமாற்றச் செய்ததென்று இதை உடனே சொல்லிவிட முடியாது. நகைக்கு வேண்டிய காசை நம் ஊர் ஆசாரி தன் கைக்கு வந்த மாதிரி அடித்தது என்று பார்க்கவே எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்து ராணி தலையும் குதிரை வீரனும் போட்ட பவுன் காசுக்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டது நம் பாட்டிமார் காலம்தானே. கிழக்கு ரோமப் பேரரசரும் அதே வழியாகத்தான் நம் மாலைக்குள் வந்திருக்கிறார்.

காசின் முகத்தை எல்லாரும் இப்படி மதித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. இவை முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றில், பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கிறது. உள்ளே செம்பா, பொன்னா என்று சோதித்தார்களா, இது இனிக் காசாகச் செல்லாது, எடைக்குத்தான் பொன் என்று அடையாளம் வைத்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஒரே தென்னாட்டில், ஒரு காலத்தில் முகத்தை வெட்டியிருக்கிறார்கள். இன்னொரு காலத்தில் முகம் கெடாமல் துளை போட்டிருக்கிறார்கள். இரண்டையும் செய்தது உளி பிடித்த கைதான். அந்தப் புதையலைச் சேர்ந்த காசுகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பைசாண்டியக் காசு நின்ற பிறகும் அதன் சாயல் நம்மிடம் வந்துகொண்டிருந்தது. வெனிஸ் நகரத்தார் 1284-ல் டுகாட் என்ற பொற்காசை அச்சடித்தார்கள். மூன்றரை கிராம், கிட்டத்தட்ட சொக்கத் தங்கம். முன்பக்கத்தில் புனித மாற்கு நின்றபடி கொடியை நீட்ட, நகரத் தலைவர் மண்டியிட்டு வாங்குகிறார். மன்னருக்குப் புனிதர் அதிகாரம் கொடுக்கும் இந்தக் காட்சி கான்ஸ்டான்டிநோபிள் காசுகளில் பழகியது. 1797 வரை படம் மாறாமல் வந்த இந்தக் காசு தென்னாட்டிலும் தாராளமாகப் புழங்கியது. இருவருக்கும் நடுவே இருந்த கொடிக்கம்பத்தை நம் சனங்கள் பனைமரமாகவே பார்த்தார்கள் என்று, சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. தெரியாத படத்தைத் தெரிந்த மரத்தோடு சேர்த்து வாசித்தார்கள். வாசிக்க முயன்றார்களே, அது பெரிசு.

இவ்வளவையும் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நாலரை கிராம் தங்கத்துக்கு மூசையில் கிடைப்பது நாலரை கிராம் தங்கத்தின் விலை. ஆனால் முகமும் எழுத்தும் துளையும் சேர்ந்தால்தான், எந்த மன்னர் காலத்தில் எந்த ஊர்ச் சரக்குக்கு இந்தக் காசு வந்தது, இங்கே யார் அதை அணிந்தார், எந்தக் கை அதைத் திருத்தியது என்று சொல்ல முடியும். உருக்கிய பிறகு அதைத் திரும்பச் செய்ய யாராலும் முடியாது. வெள்ளலூர்க் காசு பேசப்படுகிறதென்றால் யாரோ ஒருவர் உருக்காமல் கொண்டுவந்து கொடுத்ததால்தான். கொங்கில் பைசாண்டியப் பொன் எவ்வளவு இருந்தது என்ற கேள்விக்கு விடை உங்கள் பட்டறைகளுக்கு வந்துபோன பழைய மாலைகளில் இருந்திருக்கலாம். கோவை ராஜ வீதிக்கும் வைசியாள் வீதிக்கும் போய்ச் சேருமுன் பல நகைகள் முதலில் வந்து நிற்பது உங்கள் படியில்தான்.

அதனால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அடையாளம் தெரியாத காசைக் கழுவாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், அமிலத்தில் முக்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே எடை போட்டு, இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, செல்போனில் படம் எடுங்கள். துளை எங்கே இருக்கிறது, வளையம் எந்தப் பொடியில் பற்றவைத்தது என்று உங்களுக்குப் படுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. கொண்டுவந்தவரிடம், "இது எங்கிருந்து வந்தது, யார் போட்டிருந்தது" என்று பொறுமையாகக் கேளுங்கள். குடும்பச் சொத்தாக வந்த காசு என்றால் அது அவர்களுடையதுதான். யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். உருக்குவதா வேண்டாமா என்பதை, கோவை அரசு அருங்காட்சியகத்திலோ கல்லூரி வரலாற்றுத் துறையிலோ ஒருமுறை காட்டிய பிறகு முடிவு செய்யச் சொல்லுங்கள். அருங்காட்சியகம் என்றால் சென்னை எழும்பூர் மட்டும்தான் என்றில்லை.

மண்ணிலிருந்து கிடைத்தது என்று யாராவது சொன்னால் கணக்கு வேறு. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மறைத்தால் சிறை வரைக்கும் போகும். அரசு அதை எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தோட்டத்தில் உழும்போது கிடைத்தது என்று பயந்து பயந்து வருகிறவரிடம் இதை எடுத்துச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். அவசரமாக உருக்கிப் பணமாக்கும் எண்ணமும் போய்விடும்.

இன்னொன்று. "புதையல் காசு, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று துணியில் முடிந்து கொண்டுவருகிறவர்களை நம்பாதீர்கள். பித்தளையை வார்த்து அழுக்கேற்றி விற்கிற கும்பல்கள் நம் பக்கத்திலும் சுற்றுகின்றன. வார்ப்புக் காசின் மேலே கொப்புளமும் விளிம்பில் அச்சு சேர்ந்த கோடும் தெரியும். அடித்த காசில் அது இருக்காது. தங்க எடையில் செய்தால் வட்டம் பொருந்தாது, வட்டத்தில் செய்தால் எடை பொருந்தாது. உங்கள் கண்ணும் தராசும் உரைகல்லும் இருக்கும்வரை இந்த ஊரில் அவர்கள் வியாபாரம் நடக்கக் கூடாது.

உங்கள் சங்கக் கூட்டங்களில் ஹால்மார்க், ஜி.எஸ்.டி. என்று பேச நிறைய இருக்கும். அதோடு இதையும் ஒரு பத்து நிமிஷம் எடுத்துப் பேசுங்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வந்த பழைய காசின் படத்தையும் எடையையும் எழுதி வைத்தாலே போதும். பத்து வருஷத்தில் அந்த நோட்டுகள் சேர்ந்து, எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத கொங்கு நாட்டுக் காசுப் பதிவேடாகிவிடும். அந்தப் பதிவேட்டில் உங்கள் கடைப் பேரும் இருக்கும்.

இப்படிக்கு,
பழங்காசில் பித்துப் பிடித்த உங்கள் ஊர்க்காரன்,
மேட்டுப்பாளையம்.